20,000 ரூபாயில் பழைய லேப்டாப்பைத் தேற்றுவதா, பிஎஸ்4 வாங்குவதா, கேம் ஸ்டிக் போதுமா?

முதலில் நீங்கள் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்கிறேன். அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருக்கிறது. 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10, ஆன் ஆகவே ஐந்து நிமிடம். உங்களுக்குக் கல்லூரி வேலைக்கு ஆபீஸும் போட்டோ எடிட்டிங்கும் வேண்டும், தம்பிக்கு கேம் வேண்டும். கையில் 20,000 ரூபாய். கடைக்காரர் 500 ரூபாய்க்கு 'எல்லா சாஃப்ட்வேரும்' போட்டுத் தருவதாகச் சொல்கிறார். 14,000 ரூபாய்க்கு ஒரு பழைய பிஎஸ்4 ஸ்லிம் (டிவியில் இணைத்து ஆடும் சோனியின் பிளேஸ்டேஷன் 4 கன்சோல், மெலிந்த மாடல்) பார்த்து வைத்திருக்கிறீர்கள். தம்பி 2,500 ரூபாய்க்கு '10,000 கேம்' என்று விற்கும், டிவியில் செருகி ஆடும் கேம் ஸ்டிக்கைக் காட்டி அடம்பிடிக்கிறான். எதை வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது வேறு விதமாகக் கேட்கிறது: இந்தப் பணத்தில் எதற்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும், எதற்குக் கொடுக்கவே கூடாது?

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை, வேலையும் வேறு. ஆனால் இருபது வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் உறவுக்காரர்கள், தெருக்காரர்கள் வீட்டு லேப்டாப்புகளைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். டிவி கேமில் தொடங்கி பிஎஸ்4 வரை பெரும்பாலும் பழையதாக வாங்கியே ஆடியிருக்கிறேன். அந்தப் பழக்கத்திலிருந்து சொல்கிறேன்.

லேப்டாப்பின் மந்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் பிராசசர் இல்லை, ஹார்ட் டிஸ்க். 4 ஜிபி ரேமில் விண்டோஸும் பிரவுசரும் சேர்ந்து உட்கார்ந்தாலே இடம் நிறைந்துவிடும். நிறைந்ததும் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். சுழலும் தட்டில் ஒவ்வொரு துண்டையும் தேடி ஊசி நகர வேண்டும். ஒரு தேடலுக்குப் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போடும் எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, அதே வேலை அதில் ஒரு மில்லி விநாடிக்கும் மிகக் குறைவு. அதனால் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டாலே ஐந்து நிமிடம் என்பது அரை நிமிடத்துக்கு வந்துவிடும். அப்படி மாறிய லேப்டாப்புகளை நிறையப் பார்த்துவிட்டேன், தயங்காமல் சொல்லலாம். அடுத்தது ரேமை 8 ஜிபி ஆக்குவது. வாங்குமுன் உள்ளே இருக்கும் ரேமின் வகை டிடிஆர்3-ஆ டிடிஆர்4-ஆ, காலி ஸ்லாட் இருக்கிறதா என்று அடிப்பக்க மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள். ரேம் பழையதாக வாங்கலாம், அது தேயும் பொருள் இல்லை. எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும், அதைப் புதியதாக மட்டுமே வாங்குங்கள். சென்னையில் இருந்தால் ரிச்சி தெருவில் இரண்டும் ஒரே நடையில் முடிந்துவிடும்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் வேண்டும். உங்கள் லேப்டாப் அதில் தேறுமா என்பது மாடலைப் பொறுத்தது. தேறாவிட்டால் வளைத்துப் போடும் வழிகள் உண்டு, ஆனால் அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லாத ஒன்றைக் கல்லூரிப் பாடம் இருக்கும் லேப்டாப்பில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவேன், எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. அதன் பதிப்புகளில் லேசானது அதுதான். காசு கிடையாது, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஐந்து வருஷம் அப்டேட் வரும். பென்டிரைவில் ஏற்றி, எதையும் அழிக்காமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், கேமரா எல்லாம் வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

லினக்ஸ் என்றதும் பயப்படுபவர்களிடம் நான் ஒன்று சொல்வதுண்டு. இந்த இலவச லேப்டாப் திட்டம் 2011-ல் தொடங்கியபோது வந்த மெஷின்களில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. வீட்டுக்கு வந்த மறு வாரமே அதை அழித்துவிட்டு, கடையில் கள்ள விண்டோஸ் போட்டுக்கொண்ட பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது என்ன என்று யாரும் உட்கார்ந்து காட்டவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இப்போது அந்த 500 ரூபாய் விஷயம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கள்ள மென்பொருளை ஆக்டிவேட் செய்ய ஓடவிடும் சின்ன புரோகிராம், முதல் வேலையாக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். அணைத்துவிட்டு அட்மின் அனுமதியும் கொடுத்த பிறகு அது உள்ளே என்ன செய்கிறது என்பது கடைக்காரருக்கே தெரியாது. கேஎம்எஸ்பிகோ என்ற ஆக்டிவேட்டரின் பெயரில் சுற்றிய போலிக் கோப்புகள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் கிரிப்ட்பாட் என்ற நிரலைச் சுமந்து வந்தது 2021-ல் வெளியானது. அதைவிடக் கொடியது ஸ்டாப் என்றும் டிஜேவியூ என்றும் சொல்லப்படும் ரான்சம்வேர். அது பரவும் முக்கிய வழியே கள்ள மென்பொருளின் பூட்டை உடைக்கும் கிராக் கோப்புகள்தான். போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு 980 டாலர் கேட்கும், 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. எங்கள் தெருவில் ஒரு குடும்பத்தின் பத்து வருஷப் போட்டோக்கள் அப்படிப் போயின. பூட்டிய சாவி நிரலுக்குள்ளேயே இருந்த வகை என்றால் சில சமயம் திறக்கலாம். அவர்களுடையது இணையத்தில் உருவாக்கிய சாவி, நான்கு இரவு முயன்றும் என்னால் ஒரு படத்தைக்கூட மீட்க முடியவில்லை. குழந்தை முதல் பிறந்தநாள் படத்துக்குப் பதில் வெறும் ஐகான் தெரிவதை அந்த அம்மா பார்த்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். 300, 400 ரூபாய்க்கு விற்கும் 'ஒரிஜினல் கீ'களையும் நம்ப வேண்டாம். அவற்றில் பல, நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த உரிமத்திலிருந்து கசிந்தவை. இன்று வேலை செய்யும், ஒருநாள் முடக்கப்படும்.

பதிலுக்கு என்ன? மின்ட்டோடு லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் சேர்ந்தே வரும். அறிக்கை, கணக்குத் தாள், பிரசன்டேஷன் என்று கல்லூரி வேலையில் பெரும்பகுதிக்கு அது போதும். போதாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன்: மேக்ரோ எழுதிய எக்செல் கோப்புகள் சரியாக ஓடாது, பவர்பாயின்ட் அனிமேஷன்கள் கொஞ்சம் இடம் மாறும். வேர்டில் செய்த கோப்பைத் திறந்தால் பக்கம் தள்ளிப்போகிறது என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் எழுத்துரு. காலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலடேயா என்று அதே அகல அளவில் செய்த இலவச எழுத்துருக்கள் உண்டு. அவற்றை நிறுவிவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். சமர்ப்பிப்பதை எப்போதும் பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். வேர்டேதான் வேண்டும் என்ற நாளில் மைக்ரோசாஃப்ட்டின் இணைய ஆபீஸ் பிரவுசரில் இலவசமாகவே திறக்கும்.

போட்டோ எடிட்டிங்குக்கு கிம்ப் என்ற இலவச மென்பொருள். 2025 மார்ச்சில் வந்த 3.0-க்குப் பிறகு அது நன்றாகத் தேறியிருக்கிறது. போட்ட ஃபில்டரைப் பிறகு திருப்பி மாற்றலாம், அதற்கு முன் அது முடியாது. தமிழில் போஸ்டர் செய்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: யூனிகோட் தமிழை கிம்ப் உடைக்காமல் காட்டும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பை மாற்றாமல் விட்டால் 'கொ' என்பது கொம்பு தனி, கால் தனியாகச் சிதறும். நிறைய பிளெக்ஸ் பேனர்களில் பார்த்திருப்பீர்கள். கிம்ப்பின் குறை, அச்சகத்துக்கு வேண்டிய சிஎம்ஒய்கே நிற முறையில் நேரடியாக வேலை செய்ய முடியாதது. அச்சுக்குப் போகும் வேலை என்றால் கிரிட்டா அல்லது ஸ்கிரைபஸ் பாருங்கள், இரண்டுமே இலவசம். போட்டோஷாப் பழகிய கை என்றால் பிரவுசரில் ஓடும் போட்டோபியா வீட்டுக்கு வந்தது போலிருக்கும். தமிழ்99 தட்டச்சு மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி வழியாகக் கிடைக்கும். பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருவையும் நிறுவினால்தான் படிக்க முடியும், அல்லது யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். எந்த ஆபீஸ் போட்டாலும் இது மாறாது.

இனி தம்பியின் பக்கம். அந்த கேம் ஸ்டிக்கைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நானும் அந்த வயதில் அப்படித்தான் அடம்பிடித்தேன். தொண்ணூறுகளில் எங்கள் வீட்டுக்கு வந்த டிவி கேம், 1983-ல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல். கூட வந்த கேசட்டில் '9999999 இன் 1' என்று ஒட்டியிருந்தது. ஆடி ஆடிப் பார்த்தால் நாலைந்து கேம்தான், அவையே வேறு வேறு லெவலிலிருந்து வேறு வேறு பெயரில் வந்துகொண்டிருக்கும். இன்றைய ஸ்டிக் அதே வியாபாரம். முதல் சூப்பர் மாரியோ கேம் முழுவதும் 40 கிலோபைட். அப்படிப்பட்ட 10,000 கேம்களைச் சேர்த்தாலும் 400 எம்பிதான். தம்பி போனில் இருக்கும் ஒரு திரைப்படத்தைவிடச் சின்னது. ஆகவே பெட்டியில் எழுதிய எண்ணிக்கைக்கு மதிப்பே கிடையாது. '4கே' என்பது டிவிக்குப் போகும் சிக்னலின் அளவு, கேம் பழைய கேம்தான். உள்ளே இருக்கும் மெமரி கார்டு மலிவானது, சில மாதத்தில் படிக்காமல் போவது சகஜம். அந்த கேம்களுக்கு உரியவர்களிடம் யாரும் அனுமதி வாங்கியதும் இல்லை. பழைய கேம்கள் எனக்கு உயிர், அவற்றை மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தம்பி கேட்பது மாரியோ இல்லை, ஃபுட்பாலும் ஸ்பைடர்மேனும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனுக்கு இது இரண்டு வாரப் பொருள்.

லேப்டாப்பிலேயே என்ன ஆடலாம்? எஸ்எஸ்டியும் 8 ஜிபியும் வந்த பிறகு சூப்பர் டக்ஸ் கார்ட், ஓப்பன்டிடிடி, வெஸ்நாத் எல்லாம் சுகமாக ஓடும், இவை முழுக்க இலவசம். ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் விலை ரூபாயிலேயே போட்டிருக்கும், தள்ளுபடிக் காலத்தில் ஸ்டார்டியூ வேலி போன்ற லேசான கேம்களை வாங்கலாம். விண்டோஸுக்காகச் செய்த கேம்களை லினக்ஸில் ஓட்ட வால்வ் நிறுவனம் 2018-ல் கொண்டுவந்த புரோட்டான் ஸ்டீமுக்குள்ளேயே இருக்கிறது. எபிக் என்ற இன்னொரு இணைய கேம் கடையில் வாரந்தோறும் ஏதாவது கேம் இலவசமாகக் கொடுக்கிறார்கள், கணக்கு தொடங்கிச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஆனால் வேலரன்ட், ஃபோர்ட்நைட் இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விடாது. மற்ற பெரிய கேம்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டும், லேப்டாப்பில் அதைச் சேர்க்க வழியில்லை. இதில் பணம் போட்டுத் துரத்த வேண்டாம்.

அதனால்தான் அந்த பிஎஸ்4 ஸ்லிம் எனக்குப் பிடித்திருக்கிறது, நல்ல நிலையில் இருந்தால். 2013-ல் வந்த கன்சோல், ஸ்லிம் 2016. பழசு என்பது இங்கே பலம்: டிஸ்க்குகள் ஊரெங்கும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு டிஸ்க்கை வாங்கி முடித்துவிட்டு, கொஞ்சம் குறைத்து அடுத்தவருக்கு விற்று, அந்தக் காசில் இன்னொன்று. கன்சோலின் உண்மையான செலவு பெட்டியில் இல்லை, அதற்குப் பிறகு வாங்கப்போகும் கேம்களில் இருக்கிறது. மலிவான பெட்டியை வாங்கிவிட்டு ஒவ்வொரு கேமுக்கும் முழு விலை கொடுத்தால் ஒரே வருஷத்தில் பெட்டியின் விலையைத் தாண்டிவிடும். டிஸ்க் வைத்திருப்பதில் இன்னொரு லாபம், நாளைக்கு டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்கினால் மிகச் சிலவற்றைத் தவிர எல்லா பிஎஸ்4 டிஸ்க்கும் அதில் ஓடும். வளைகுடாவில் உறவினர் இருந்தால் அங்கிருந்து வரும் டிஸ்க்கும் இங்கே ஓடும்; கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கும் டிஎல்சி, அதாவது கேமின் கூடுதல் பகுதி, மட்டும் டிஸ்க் எந்தப் பகுதிக்கானதோ அந்தப் பகுதிக் கணக்கில்தான் சேரும். மற்றவர்களோடு ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் சந்தா வேண்டும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஃபோர்ட்நைட், இ-ஃபுட்பால் போன்ற இலவச கேம்களுக்கு அது தேவையில்லை. வீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடவும் சந்தா வேண்டாம், இரண்டாவது கன்ட்ரோலர் போதும்.

குறையும் உண்டு. புதிய பெரிய கேம்கள் மெல்ல இதை விட்டுப் போகின்றன. ஜிடிஏ 6 பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் மட்டுமே அறிவிக்கப்பட்டிருக்கிறது. தம்பி அதற்காகத்தான் காத்திருக்கிறான் என்றால் இப்போது எதுவும் வாங்காமல் சேர்த்து வைப்பதே சரி. இதுவரை வந்தவையே அவனுக்குப் பல வருஷம் போதும் என்பது என் கணிப்பு, ஆனால் பள்ளியில் நண்பர்கள் எதை ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் பற்றிக் கேட்பீர்கள்: அதில் டிஸ்க் டிரைவே இல்லை, பழைய டிஸ்க் வாங்கி விற்கும் வழி அடைபட்டுவிடும், எல்லாம் சந்தாவும் டவுன்லோடும்தான். நான் அதை நண்பர் வீட்டில் ஆடியதோடு சரி, சொந்தமாக வைத்து ஓட்டவில்லை. அந்த அளவுக்கே என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். நின்டென்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பதில்லை, பழுது வந்தால் அலைய வேண்டும்.

பிஎஸ்4-ஐ வாங்கப் போகும்போது ஒரு டிஸ்க்கைக் கையோடு கொண்டு போங்கள். விற்பவர் வீட்டு வைஃபையில் உங்கள் பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் நெட்வொர்க்) கணக்கைப் போட்டு உள்ளே நுழைந்து பாருங்கள். இது மிக முக்கியம், ஏனென்றால் சோனி தடை செய்த மெஷின் என்றால் ஆஃப்லைனில் நன்றாக ஆடும், உள்ளே மட்டும் விடாது. நான் ஒருமுறை இதைச் செய்யாமல் வாங்கி வீட்டுக்கு வந்து ஏமாந்தேன். செட்டிங்ஸில் சிஸ்டம் மென்பொருள் பதிப்பைப் பாருங்கள்; பல வருஷம் அப்டேட் செய்யாமல் இருந்தால் ஜெயில்பிரேக்குக்காக, அதாவது சோனியின் பூட்டை உடைப்பதற்காக, வைத்திருந்த மெஷினாக இருக்கலாம். டிஸ்க்கைப் போட்டு ஒரு கேமை நிறுவி, அரை மணி நேரம் ஆடி, விசிறிச் சத்தத்தைக் கேளுங்கள். எச்டிஎம்ஐ வயரை லேசாக அசைத்துப் படம் போகிறதா என்று பாருங்கள், அந்த போர்ட் ஆடிப்போவது அடிக்கடி வரும் கோளாறு. கன்ட்ரோலர் குச்சியைத் தொடாமல் விட்டும் திரையில் ஆள் நகர்ந்தால் விலையைக் குறையுங்கள். இத்தனையும் தேறினாலும் பழைய மெஷின் இன்னும் எத்தனை வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. எழுதிக் கொடுத்து, ஒரு வாரமாவது திருப்பி எடுத்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குவது நல்லது.

பணத்தை இப்படிப் பிரிப்பேன்: முதலில் எஸ்எஸ்டியும் ரேமும், ஏனென்றால் படிப்புக்கான மெஷின் முந்தி நிற்க வேண்டும். பிஎஸ்4-க்கு 13,000-த்தில் முடிக்கப் பாருங்கள். மிச்சத்தில் பழைய டிஸ்க் ஒன்றிரண்டு. உங்கள் ஊரில் கரண்ட் அடிக்கடி போகும் என்றால் டிஸ்க்கைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். ஸ்லிம் கேம் ஓடும்போது 100 வாட்டுக்கு முன்பின்தான் இழுக்கும், சாதாரண கம்ப்யூட்டர் யுபிஎஸ் தாங்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவதுதான் பிஎஸ்4-ன் ஹார்ட் டிஸ்க்குக்கு எமன். மென்பொருளுக்கு ஒதுக்க வேண்டியது பூஜ்யம்.

லேப்டாப்பிலிருந்து கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். 2.5 இன்ச் டிஸ்க்குக்கான யுஎஸ்பி 3.0 கேஸ் மலிவாகக் கிடைக்கும். அதில் போட்டால் பிஎஸ்4 அதை கேம் வைக்கும் கூடுதல் இடமாக ஏற்றுக்கொள்ளும், 250 ஜிபிக்குக் குறையாமல் இருந்தால் சரி. ஆனால் இணைக்கும்போது அதிலிருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். அக்காவின் போட்டோவும் சர்டிஃபிகேட் ஸ்கேனும் அதில் இருக்கின்றனவா என்று அவரையே உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லி, காப்பி எடுத்த பிறகு திருப்புளியைத் தொடுங்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இங்கே எழுதினால் ரேம் வகையைப் பார்த்துச் சொல்கிறேன்.